மைத்ரியில் ஒரு குளிர்காலம்: கேட்டதும் சொன்னதும்

அண்டார்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். பார்த்ததையும், கூட இருந்த விஞ்ஞானிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

காட்பாடி: அண்ணே, வெயிலூரில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரை எப்படித் தாங்கியது?

குளிருக்கு உடுப்பு இருக்கிறது தம்பி. காற்றுதான் ஆளைப் படுத்தும். கண்டத்தின் நடுவில் இருக்கிற பனிமேட்டில் காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் உருண்டு இறங்கும். நான் எதிர்பார்க்காதது வறட்சி. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். சுற்றிலும் பனி, ஆனால் இடம் பாலைவனம். ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. மைத்ரியில் அவ்வளவு மோசமில்லை.

ஆம்பூர்: பனிக்கரடி பார்த்தீர்களா?

இல்லை. அது வடதுருவத்துப் பிராணி.

ஆரணி: மரம் செடி இல்லாத ஊரில் உயிர்கள் எதைத் தின்கின்றன சார்?

எனக்கும் முதல் மாதம் இதே சந்தேகம்தான். தரையில் பாறை, பனி, பாறையிடுக்கில் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். பாலாறு மேலே மணலாகக் கிடக்கும், ஊற்று தோண்டினால் தண்ணீர் சுரக்கும் இல்லையா, அந்தக் கதைதான் அங்கேயும். சோறு முழுக்கக் கடலுக்குள் இருக்கிறது. உறைந்த கடற்பனியின் அடிப்பக்கத்தில் நுண்பாசி பழுப்பாகப் படர்ந்திருக்கும். கூனிறால் மாதிரி இருக்கும் கிரில் அதைச் சுரண்டித் தின்னும். கிரிலைப் பென்குயின், சீல், திமிங்கிலம் எல்லாம் தின்னும். கடல்நீர் உப்பாக இருப்பதால் மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாது. அந்தக் குளிரில் மீனின் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். ஆனால் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. பனித்துகள் உண்டானதும் அதில் ஒட்டிக்கொண்டு வளரவிடாது. பனிமீன் என்று ஒரு வகை உண்டு, அதற்கு ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் வெளுப்பு! குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைவதால் பிழைத்துக்கொள்கிறது.

குடியாத்தம்: இரண்டு மாதம் சூரியனே வராதாமே?

வராது. நண்பகலில் அடிவானம் மட்டும் கொஞ்சம் வெளுக்கும். ஒருநாள் பகல் ஒரு மணி என்று நினைத்து, ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றேன்.

வாலாஜா: அந்த இருட்டில் பென்குயின் முட்டையிடுமா அண்ணா?

எம்பரர் பென்குயின் இடும்மா. இட்ட கையோடு தாய் கடலுக்குப் போய்விடும். தகப்பன் முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினியாக நிற்கும். நான் நேரில் பார்க்கவில்லை. அவை கூடுவது கடலோரத்தில், நாங்கள் இருந்தது சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே.

வேலூர் கோட்டைப் பக்கம்: ஞாபகத்துக்கு ஒரு கல்லாவது கொண்டுவந்தீர்களா?

சும்மா அப்படி எடுக்கக் கூடாது. எங்கள் குப்பையைக்கூடக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினோம். வந்ததும் முதல் வேலையாக இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கினேன்.