லிஃப்ட் ஆக்ஸில் ட்ரெய்லருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன். தூத்துக்குடி துறைமுக லோடுக்காக மூன்று ஆக்ஸில் உள்ள செகண்ட்ஹேண்ட் ட்ரெய்லர் ஒன்று பார்த்திருக்கிறேன். அதில் முன் ஆக்ஸிலைத் தூக்கிக்கொள்ளலாம், டீசல், டயர், டோல் எல்லாம் மிச்சம் என்று சொல்லி மற்றதைவிட அதிக விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டோல் மிச்சம் என்ற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்தில் 4 முதல் 6 ஆக்ஸில் வரை ஒரே வகை. இந்த ட்ரெய்லரோடு குதிரையின் (இழுக்கும் லாரியின்) இரண்டோ மூன்றோ ஆக்ஸில் சேர்ந்தால் மொத்தம் 5 அல்லது 6, ஒன்றைத் தூக்கினாலும் 4 அல்லது 5. கப்பலூர் டோல்கேட்டில் என்ன பெரிதாகக் குறையப் போகிறது?

டீசலும் டயரும் மிச்சமாவது உண்மைதான், ஆனால் வண்டி காலியாகவோ குறைந்த பாரத்தோடோ ஓடும்போது மட்டும். ஒரு ஆக்ஸில் மேலே போனால் அதன் டயர்கள் தரையில் உருளாது, தேயாது. திருப்பங்களில் மூன்று ஆக்ஸில் டயர்களும் பக்கவாட்டில் இழுபடுவதும் குறையும். ஆகவே போகும்போது ஒரு முழு லோடு, வரும்போது ஒரு முழு லோடு என்று உங்களுக்கு அமைந்துவிட்டால் அந்த ஆக்ஸில் மேலே போகவே வழியில்லை, தூக்கும் சாமான்களின் எடையைச் சும்மா சுமப்பதுதான் மிச்சம். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் காலியாக ஓடுகிறீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. ஆக்ஸிலில் இரண்டு வகை ஏர் பேக் இருக்கும், ஒன்று பாரம் தாங்க, இன்னொன்று தூக்க. சுவிட்ச் போட்டதும் வால்வு பாரம் தாங்கும் பேக்கின் காற்றை வெளியே விட்டு, தூக்கும் பேக்கில் காற்றை ஏற்றும். இறக்கும்போது இது தலைகீழாக நடக்கும். பிரேக்குக்கான காற்று போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் இதற்குக் காற்று போகும்படி ஒரு வால்வு காக்க வேண்டும், அது சரியாக இருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டு ஆக்ஸிலும் ஏர் சஸ்பென்ஷன் என்றால், அவற்றின் பேக் அழுத்தம் கூடும்போது தூக்கியது தானாகவே இறங்கும்படி வைக்கலாம். பட்டை ஸ்பிரிங் என்றால் அந்த அழுத்தத்தை அறிய வழியில்லை, பெரும்பாலும் டிரைவர் கையில்தான்.

பயம் அங்கேதான். 2018-ல் ஆக்ஸில் எடை வரம்பைத் திருத்திய பிறகு மூன்று ஆக்ஸில் தொகுப்புக்கு அனுமதி 27 டன், இரண்டு ஆக்ஸில் தொகுப்புக்கு 21 டன். முழு லோடில் ஒன்றைத் தூக்கினால் மிச்சமிருக்கும் இரண்டில் அனுமதித்ததைவிடச் சில டன் கூடுதலாக உட்காரும், டயர் வெடிக்க அது போதும். லிஃப்ட் இருக்கிறதே என்று ஆர்.சி. எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

ஒரு நல்லதும் சொல்லிவிடுகிறேன்: முன் ஆக்ஸிலைத் தூக்கினால், ட்ரெய்லரைக் குதிரையோடு பூட்டும் கிங் பின் மேல் பாரம் கூடி குதிரையின் டிரைவிங் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும், காலி வண்டி மழையில் ஏற்றத்தில் திணறும்போது இது உதவும்.

வாங்கப் போகிறீர்களா, காற்றை முழுக்க ஏற்றித் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். சீக்கிரமே ஆக்ஸில் தொங்கினால் எங்கோ கசிவு. ஏர் பேக்கின் மடிப்புகளில் வெடிப்பு உண்டா பாருங்கள். தூக்கி வைத்த டயர் தேயாமலே பழசாகியிருக்கும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது.

மிக முக்கியம் ஆர்.சி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகி பிற்பாடு பட்டறையில் பொருத்திய லிஃப்டாக இருந்தால் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவால் வரும் சிக்கல், வாங்கிய பிறகு உங்கள் தலையிலும் விழலாம். லிஃப்டைப் பொருத்தியது யார் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். "எஃப்.சி. எடுக்கும்போது பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ட்ரெய்லர் தேடுங்கள்.