டெரக் டிரக்ஸ் வேகமாகவும் வாசிப்பதில்லை, பாடுவதுமில்லை. ரசிகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் யாரோ அனுப்பிய நேரலைக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேடை நிறைய ஆட்கள், நடுவில் சூசன் டெடெஸ்கி பாடுகிறார், ஓரமாக டெரக் டிரக்ஸ் சிவப்பு கிப்சன் எஸ்ஜி கிட்டாரோடு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறார். முகத்தில் பாவனை இல்லை, விரல்கள் பறக்கவில்லை. அப்படியிருக்க அரங்கம் ஏன் எழுந்து நிற்கிறது என்பதுதானே கேள்வி?

சுருதிக்காக எழுந்து நிற்கிறது. இதைச் சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டில் ஒரு கிட்டார் இருந்தால் உங்கள் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம், அதற்கான வழியைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆளைப் பற்றிச் சுருக்கமாக.

1979 ஜூன் 8, ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் புட்ச் டிரக்ஸ் இவருடைய அப்பாவின் சகோதரர். ஒன்பது வயதில், பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் ஐந்து டாலருக்கு வாங்கிய கிட்டாரில் தொடங்கினார். பிஞ்சு விரலால் இரும்புத் தந்தியை அழுத்துவது சிரமமாக இருந்ததால் ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்தியின் மேல் நகர்த்தும் குழாய்) பிடித்தார். பதினோரு வயதில் காசு வாங்கி மேடையேறிவிட்டார். 1999 முதல் 2014இல் ஆல்மன் பிரதர்ஸ் கலையும்வரை அந்தக் குழுவில் இருந்தார். 2010இல் மனைவி சூசனோடு டெடெஸ்கி டிரக்ஸ் குழுவைத் தொடங்கினார். "குழந்தை மேதை" கதையை ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஆனால் கொண்டாட்டத்துக்குக் காரணம் அது இல்லை. பத்து வயதில் அசத்திய பிள்ளைகள் எத்தனையோ பேர், முப்பது வயதில் அவர்களில் பெரும்பாலோரை யாரும் தேடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணமாகக் கிட்டார் வாசிக்கும்போது விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு (கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பி) நடுவே எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக வந்துவிடும், ஏனென்றால் தந்தியின் நீளத்தைத் தீர்மானிப்பது ஃப்ரெட் கம்பி. ஸ்லைடில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாய் தந்தியை எங்கே தொடுகிறதோ அங்கேதான் சுரம். கிப்சன் எஸ்ஜியில் தந்தியின் நீளம் 24.75 அங்குலம், அதாவது சுமார் 629 மில்லிமீட்டர். 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து அடுத்த அரைச்சுரம் சுமார் 18 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் கை ஒரு மில்லிமீட்டர் தவறினால் அரைச்சுரத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு பிசகும், மூன்று மில்லிமீட்டர் தவறினால் பதினாறு பங்கு. இது பழகாத காதுக்கும் உறுத்தும். இன்னும் மேலே, ஃப்ரெட் பலகையே முடிந்துபோன இடத்துக்குப் போனால் (எஸ்ஜியில் 22 ஃப்ரெட்தான்) அரைச்சுர இடைவெளி 10 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். அங்கே கண்ணுக்கு அடையாளமாக ஒன்றுமே கிடையாது. டிரக்ஸ் தனி வாசிப்பின் உச்சத்தில் அடிக்கடி போய் நிற்பது அந்த இடத்தில்தான், அதுவும் கிட்டாரைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு.

சோதிக்க வேண்டுமென்றால் கிட்டாரை அவர் வைக்கும் ஓப்பன் ஈ சுருதிக்கு மாற்றுங்கள், எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஈ கோர்டு ஒலிக்கும் சுருதி அது. ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளைத் தொட வேண்டாம். ஐந்தாவதை ஏ-யிலிருந்து பி-க்கும், நான்காவதை டி-யிலிருந்து ஈ-க்கும், மூன்றாவதை ஜி-யிலிருந்து ஜி ஷார்ப்புக்கும் ஏற்றுங்கள். மூன்று தந்திகள் ஏறுவதால் இழுவிசை கூடும். அகூஸ்டிக் கிட்டாரில் 12 கேஜ் (முதல் தந்தியின் தடிமன் அளவு) தந்தி போட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள், தந்தி அறலாம், நாளடைவில் மேல்பலகையும் உப்பலாம். அதற்குப் பதில் ஓப்பன் டி வைத்து 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் அதே ஈ வந்துவிடும். ஆறாவதையும் முதலாவதையும் டி-க்கு, இரண்டாவதை ஏ-க்கு, மூன்றாவதை எஃப் ஷார்ப்புக்கு இறக்க வேண்டும், எல்லாமே இறக்கம் என்பதால் ஆபத்தில்லை. எலக்ட்ரிக்கில் 9 கேஜ் தந்தி உதவாது. குழாய் பட்டதும் தந்தி குழைந்து ஃப்ரெட்டில் போய் இடிக்கும். 11இல் தொடங்கும் செட்டாவது வேண்டும். டிரக்ஸ் போடுவது 11, 14, 17, 26, 36, 46.

தந்தியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்லைடுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் விரலால் அழுத்தி வாசிக்க முடியாது. டிரக்ஸ் இரண்டையும் ஒரே வரியில் கலப்பவர்.

குழாய் கண்ணாடியாக இருக்கட்டும். ஆல்மன் பிரதர்ஸின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் கோரிசிடின் என்ற சளி மாத்திரையின் காலிக் கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் மாட்டி வாசித்தார், டிரக்ஸும் அதே வடிவத்தைத்தான் பிடிக்கிறார். மோதிர விரலில் போடுவதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சும்மா இருக்கும், அவை தந்தியின் மேல் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். குழாய்க்கும் தலைப்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தந்தித் துண்டும் அதிரும், பேய் மாதிரி ஒரு உபரிச் சத்தம் போடும், அதை அடக்குவது இந்த இரண்டு விரல்கள்தான். புதிதாகப் பழகுபவர்களின் ஸ்லைடு கரகரவென்று கேட்பதற்கு முதல் காரணம் இந்த விரல்கள் மேலே தூக்கியிருப்பது. அடுத்தது, குழாயை அழுத்துவது. குழாய் தந்தியைத் தொட்டால் போதும். அதுவும் ஃப்ரெட்டுக்குப் பின்னால் அல்ல, ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே, அதற்கு இணையாக.

வலது கையில் பிக் வேண்டாம், டிரக்ஸ் வெறும் விரலால்தான் மீட்டுகிறார். ஓப்பன் சுருதியில் ஒரு தந்தியைத் தொட்டால் பக்கத்துத் தந்திகளும் கூடவே முழங்கும். அதனால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் தந்திகளின் மேல் உட்கார்ந்திருக்கும், ஒலிக்க வேண்டிய தந்தியிலிருந்து மட்டும் விரல் எழும். அவர் வாசிப்பில் சுரங்களுக்கு நடுவே கேட்கும் சுத்தமான அமைதி இப்படித்தான் வருகிறது.

இப்போது சுருதிப்பெட்டிச் செயலியில் மூன்று கட்டை வையுங்கள். ச ஈ-யில் நிற்கும், ப பி-யில். முதல் தந்தியின் 12இல் மேல் ஸ. அதையே முதலில் குழாய் இல்லாமல், விரல் நுனியால் 12க்கு மேலே மெல்லத் தொட்டு மீட்டி எடுங்கள், மணி மாதிரி ஒரு சுரம் வரும். பிறகு குழாயால் அதே இடம். இரண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை செய்யுங்கள். அது கைக்கு வந்ததும் மூன்றாம் தந்திக்குப் போங்கள். 12இல் அந்தர காந்தாரம், 11இல் சாதாரண காந்தாரம். இரண்டுக்கும் நடுவே 19 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. ப்ளூஸ் காந்தாரம் குடியிருப்பது அந்த 19 மில்லிமீட்டருக்குள்தான். பியானோவில் அது இல்லை, ஃப்ரெட்டில் விரல் வைத்தாலும் தந்தியை இழுத்தால்தான் வரும். டிரக்ஸ் அதை ஒரே இடத்தில் வைப்பதில்லை. பாட்டு ஈ கோர்டில் நிற்கும்போது அந்தரத்தை ஒட்டியும், ஏ-க்கு நகரும்போது சாதாரணத்தை நோக்கி இறக்கியும் பிடிப்பார். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும், அதைத் தற்செயல் என்று நினைக்க வேண்டியதில்லை. அலி அக்பர் கானின் சரோது இவரை ஆழமாகப் பாதித்தது, கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில் உள்ள அலி அக்பர் இசைக் கல்லூரியில் படித்தும் இருக்கிறார். சரோதிலும் ஃப்ரெட் கிடையாது. நம் சித்திரவீணையைப் போல இழுவையில்தான் அதன் உயிரும் இருக்கிறது.

வைப்ராட்டோ, அதாவது சுரத்தை அசைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் கெடுப்பது அங்கேதான். குழாயைச் சுரத்தில் கொண்டுவந்து வைத்த உடனே ஆட்டத் தொடங்குகிறார்கள், அதுவும் மேல்பக்கமாக மட்டும் ஆட்டுகிறார்கள். சராசரியில் சுரம் உயர்ந்து கேட்கும், காது அதைப் பிசகு என்றே எடுத்துக்கொள்ளும். சரியான இடத்துக்கு இரண்டு பக்கமும் சம அளவில் அசைய வேண்டும், மேலே போகப் போக அசைவின் அகலம் குறைய வேண்டும். டிரக்ஸ் சுரத்தைக் கீழிருந்து தொட்டு, நேராக நிறுத்தி, அது ஓயப்போகும் நேரத்தில்தான் அசைப்பார். சில சுரங்களை அசைக்கவே மாட்டார். நல்ல பாடகர் செய்வதும் அதுதான். அவர் பாடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், வாய் திறப்பதில்லை என்பது மட்டும்தான் உண்மை.

டோனுக்கு மந்திரம் எதுவும் இல்லை. கிட்டாரிலிருந்து ஒரு கேபிள், அது நேராக ஆம்ப்புக்குள். பல வருடம் அவர் வைத்திருந்தது 1960களின் ஃபெண்டர் சூப்பர் ரிவெர்ப், நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட வால்வு ஆம்ப். பெடல்கள் கிடையாது. மீதி எல்லாம் கிட்டாரின் வால்யூம், டோன் குமிழ்கள்தான். குமிழைக் குறைத்தால் ஒலி தெளியும், முழுக்கத் திறந்தால் உறுமும். வீட்டில் அந்த ஆம்ப்பை அந்த அளவுக்குத் திறக்க முடியாது, 5 வாட் வால்வு ஆம்ப் ஒன்று போதும். "நீண்டு ஒலிக்க வேண்டும்" என்று கம்ப்ரெசர் பெடலை நடுவில் செருகாதீர்கள். அது குழாய் உரசும் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும்.

இதைப் படித்துவிட்டு ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகனின் ரசிகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். அவரை நான் குறைக்கவில்லை. 13 கேஜ் தந்தியை அரைச்சுரம் இறக்கி, அந்தத் தடிமனை இழுத்து வளைத்த கைவலிமைக்கு இணை கிடையாது. அது வேறு கலை. "டிரக்ஸ் ப்ளூஸே அல்ல, ஜாம் பேண்ட் (மேடையில் பாட்டை நீட்டி நீட்டி வாசிக்கும் குழு)" என்று இன்னொரு கூட்டம் சொல்லும். 2009இல் வந்த அவருடைய 'ஆல்ரெடி ஃப்ரீ' சமகால ப்ளூஸ் பிரிவிலும், 2011இல் வந்த 'ரெவலேட்டர்' ப்ளூஸ் பிரிவிலும் கிராமி வாங்கின. விருதை வைத்து இசையை எடைபோடுவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் எல்மோர் ஜேம்ஸிடமிருந்து டுவேன் ஆல்மனுக்கு வந்து, அங்கிருந்து இவருக்கு வந்த ஸ்லைடு வழியைக் காதால் தொடர்ந்தவர் யாரும் அந்த வாதத்தை வைக்க மாட்டார்.

கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. பாட்டுச் செயலிகள் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்று ஒழுங்காகச் சொல்வதே இல்லை. எல்பி அட்டையின் பின்பக்கத்தில் இருந்த விவரம் கேசட் காலத்தில் சுருங்கியது, செயலியில் பெரும்பாலும் காணாமலே போய்விட்டது. நம் சினிமாப் பாட்டுகளில் புல்லாங்குழலும் வயலினும் வாசித்தவர்களுக்கும் இதே கதிதான், வாழ்நாள் முழுக்க வாசித்தும் பெயர் தெரியாமலே போனவர்கள் எத்தனை பேர்! ஆல்மன் பிரதர்ஸின் 2000க்குப் பிந்தைய பதிவுகளில் வாரன் ஹேன்ஸும் டிரக்ஸும் இருவருமே ஸ்லைடு வாசிப்பவர்கள். பெயர் போடாததால் இவர் வாசித்ததற்கு அவருக்குக் கைதட்டு, அவர் வாசித்ததற்கு இவருக்கு. பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஹேன்ஸ் பெரும்பாலும் சாதாரண சுருதியிலேயே லெஸ் பாலில் ஸ்லைடு வாசிப்பார், ஒலி தடித்து இருக்கும், வரிகள் ராக் பாணியில் போகும். ஓப்பன் சுருதியின் பக்கத்துத் தந்திகள் பின்னால் இலேசாக முழங்க, குரல் போல ஒரே சுரம் நீண்டால் அது டிரக்ஸ்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், 2012இல் வந்த 'எவ்ரிபடிஸ் டாக்கின்' நேரலைத் தொகுப்பில் 'மிட்நைட் இன் ஹார்லெம்' கேளுங்கள், அதன் முன்னால் ஒரு ராக ஆலாபனை போன்ற தொடக்கம் இருக்கிறது. போன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள். முதல் தடவை கிட்டார் மட்டும். இரண்டாவது தடவை சூசன் ஒரு வரியை முடிக்கும் இடங்களில் கிட்டார் எந்தச் சுரத்தில் நுழைகிறது என்று கவனியுங்கள். மூன்றாவது தடவை, கிட்டாரை ஓப்பன் ஈ-க்கு ஏற்றிவிட்டு, அவர் தனி வாசிப்பின் முதல் வரியை மட்டும் குழாயால் எடுத்துப் பாருங்கள். சுரங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும். அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்க மாதக்கணக்கில் ஆகும்.