சோபர்ஸா, காலிஸா? ஓவர் கணக்கைப் பாருங்கள்

(கிரிக்கெட் கேள்வி பதில்)

கேள்வி: சோபர்ஸைவிட காலிஸ்தான் பெரிய ஆல்ரவுண்டர் (பேட்டிங், பவுலிங் இரண்டிலும் வல்லவர்) என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் அடித்துப் பேசுகிறான். ரன், விக்கெட் இரண்டுமே காலிஸுக்குத்தான் அதிகமாம். அவனுக்கு என்ன பதில் சொல்வது? – வாசகர், திருச்சி

பதில்: மகன் சொல்லும் எண்கள் சரிதான். தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸ் 13,289 ரன், 292 விக்கெட். மேற்கிந்தியத் தீவுகளின் கார்ஃபீல்ட் சோபர்ஸ் 8,032 ரன், 235 விக்கெட். ஆனால் காலிஸ் ஆடியது 166 டெஸ்ட், சோபர்ஸ் 93. அதனால் மொத்தத்தை வைத்துப் பேசிப் பயனில்லை. அடுத்து எல்லோரும் செய்வது, பேட்டிங் சராசரியிலிருந்து (ஒரு முறை அவுட் ஆவதற்குள் எடுத்த ரன்) பவுலிங் சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், இது குறைவாக இருந்தால் நல்லது) கழிப்பது. சோபர்ஸுக்கு 57.78-ல் 34.03 போக 23.75. காலிஸுக்கு 55.37-ல் 32.65 போக 22.72. ஒரே ஒரு ரன் வித்தியாசம். இதை வைத்தும் முடிவுக்கு வர முடியாது.

சென்னை லீக் ஆட்டங்களுக்குப் பல வருஷம் ஸ்கோர் எழுதியவன் நான். யார் எத்தனை ஓவர் போட்டார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சோபர்ஸ் டெஸ்டில் வீசியது 21,599 பந்து. அதாவது ஒரு டெஸ்டுக்குச் சுமார் 39 ஓவர். காலிஸ் 20,232 பந்து, ஒரு டெஸ்டுக்குச் சுமார் 20 ஓவர். காலிஸின் அணியில் டொனால்டு, போலாக், ஸ்டெய்ன் என்று மற்றவர்கள் இருந்தார்கள். இடையில் வந்து ஜோடியைப் பிரிப்பது அவர் வேலை. சோபர்ஸோ புதுப்பந்தில் வேகமும் வீசினார், பந்து பழசானதும் சுழலும் போட்டார், அதிலும் விரல் சுழல், மணிக்கட்டுச் சுழல் இரண்டும். இரண்டு ஆள் செய்யும் பந்துவீச்சு வேலையை முடித்துவிட்டு வந்து 57 சராசரியில் ரன் எடுத்திருக்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, சோபர்ஸ்தான்.

1966-ல் இங்கிலாந்தில் நடந்த தொடரை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து டெஸ்டில் சோபர்ஸ் எடுத்தது 722 ரன், 20 விக்கெட், 10 கேட்ச். கேப்டனும் அவரே. தொடரை 3-1 என்று வென்றார்கள். ஒரே தொடரில் ஒருவர் இவ்வளவும் செய்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பிரமிப்பாக இருக்கிறது.

கழித்தல் கணக்கில் இன்னொரு குறை உண்டு. எப்போதாவது நாலு ஓவர் போடும் நல்ல பேட்ஸ்மேன்கூட அதில் மேலே வந்துவிடுவார். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) ஆல்ரவுண்டர் தரவரிசையில் பேட்டிங் புள்ளியையும் பவுலிங் புள்ளியையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கிறார்கள். ஒருவருக்கு 900-ம் 100-ம் என்றால் விடை 90தான். இரண்டிலும் 500 வைத்திருப்பவருக்கு 250. இது நியாயமான முறை.

கேள்வி: அந்தக் கழித்தல் கணக்கில் இம்ரான் கானுக்கு 14.88, கபில் தேவுக்கு வெறும் 1.41. கபில் அவ்வளவு சாதாரணமா? – வாசகி, மதுரை

பதில்: இல்லவே இல்லை. பந்துவீச்சில் இம்ரான் மேல்தான், அதை மறைக்க வேண்டாம். 362 விக்கெட்டை 22.81 சராசரியில் எடுத்தவர். கபிலின் 434 விக்கெட்டுக்குச் சராசரி 29.64. ஆனால் பேட்டிங் சராசரியில் தெரியும் இடைவெளியைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். இம்ரான் 37.69, கபில் 31.05. இம்ரான் ஆடிய 126 இன்னிங்ஸில் 25 முறை நாட் அவுட். கபில் 184 இன்னிங்ஸில் 15 முறைதான். நாட் அவுட்டை ஒதுக்கிவிட்டு ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்று பார்த்தால் இம்ரானுக்கு 30, கபிலுக்கு 28.5. கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது, பார்த்தீர்களா? நாட் அவுட்டாக நிற்பதும் திறமைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கபில் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு ஆடியவர் அல்ல.

1990-ல் இங்கிலாந்துக்கு எதிராக லார்ட்ஸில் ஃபாலோ ஆனை, அதாவது உடனே மறுபடி பேட் செய்ய வேண்டிய நிலையைத் தவிர்க்க 24 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட், எதிர்முனையில் கடைசி ஆட்டக்காரர் ஹிர்வானி. எட்டி ஹெமிங்ஸின் பந்தில் கபில் தொடர்ந்து நான்கு சிக்ஸர் அடித்தார். அடுத்த ஓவரிலேயே ஹிர்வானி அவுட். கபில் 77 நாட் அவுட். அந்த நான்கு அடிக்குச் சராசரியில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. அப்புறம், 131 டெஸ்ட் ஆடியும் காயம் என்று ஒரு டெஸ்டைக்கூட விட்டதில்லை, அந்த 184 இன்னிங்ஸில் ஒருமுறைகூட ரன் அவுட் ஆனதும் இல்லை. 5,000 ரன்னும் 400 விக்கெட்டும் சேர்த்து வைத்திருக்கும் ஒரே டெஸ்ட் வீரர் அவர்தான்.

கேள்வி: வினூ மன்கட் என்றால் அந்த ரன் அவுட் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அவர் நல்ல ஆல்ரவுண்டரா? – வாசகர், காரைக்குடி

பதில்: பந்து போடும் முன்பே கோட்டைவிட்டு வெளியேறிய எதிர்முனை ஆட்டக்காரரை ரன் அவுட் ஆக்கினாரே, அவர் பெயர் அந்த ஒரு விஷயத்தோடு நின்றுபோனதில் எனக்கு மிகவும் வருத்தம். இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்டை வென்றது 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. அதில் மன்கட் 55 ரன்னுக்கு 8, 53 ரன்னுக்கு 4 என்று 12 விக்கெட். அதே வருஷம் ஜூனில் லார்ட்ஸில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 72-ம் 184-ம் எடுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் வீசி 5 விக்கெட். இந்தியா தோற்றது. ஆனால் ஒரு மனிதர் ஒரு டெஸ்டில் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? 1,000 ரன், 100 விக்கெட் என்ற எல்லையை 23 டெஸ்டில் எட்டினார். 1979-ல் இங்கிலாந்தின் போத்தம் 21 டெஸ்டில் எட்டும்வரை அதுதான் சாதனை. மன்கட்டின் சராசரி வித்தியாசம் ஒன்றுக்கும் கீழே, கழித்தல் குறியோடு வரும். அந்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இவர் ஒருவரே போதும்.

கேள்வி: அஸ்வின் ஆல்ரவுண்டரா, பேட் செய்யத் தெரிந்த பவுலரா? – கல்லூரி மாணவர், சென்னை

பதில்: தம்பி, பேட்டிங்குக்காக மட்டும் அவரை டெஸ்ட் அணியில் எடுத்திருப்பார்களா? மாட்டார்கள், சராசரி 25.75. அதனால் முதலில் அவர் பவுலர், 537 விக்கெட் எடுத்த மாபெரும் பவுலர். ஆனால் ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் நான்கு முறை எடுத்திருக்கிறார். அவரைவிட அதிகம் செய்தவர் போத்தம் மட்டுமே, ஐந்து முறை. அஸ்வினின் நான்கில் இரண்டு சேப்பாக்கத்தில்: 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராக 106, 2024-ல் வங்கதேசத்துக்கு எதிராக 113. இரண்டாவதில் அவர் இறங்கியபோது ஸ்கோர் 144-க்கு 6.