வரிசையில் தேவனுக்கு எத்தனையாவது இடம்?

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் மும்பையில் பரேல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு டோம்பிவிலியில். கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். எங்கள் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், பெண்கள் ஐக்கியத்தில் செயலாளர், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். எல்லாம் சேர்த்து வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் போகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு டியூட்டி விழும்.

புத்தாண்டு ஆராதனையில் எங்கள் ஐயர் (சபைப் போதகர்), முதலில் தேவன், இரண்டாவது குடும்பம், மூன்றாவது வேலை, இந்த வரிசை தப்பினால் ஆசீர்வாதமும் தப்பும் என்று பிரசங்கித்தார். எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஜனவரி முடிவதற்குள் அதைப் பார்க்கவே கூசியது. ‘கிறிஸ்துவுக்குள் நான் யார்’ என்று முப்பது வரி அச்சடித்த அட்டையைத் தினமும் காலையில் சத்தமாகச் சொல்கிறேன். வார்டில் டாக்டர் எல்லார் முன்னாலும் ஒரு சத்தம் போட்டால் முப்பது வரியும் போய்விடுகிறது. இப்போது வார்டு இன்-சார்ஜ் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுத்தால் வேலை தேவனை முந்திவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதை விடுவது, எதைப் பிடிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐயரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் வேதத்தில் அப்படி ஒரு வரிசை எங்கும் இல்லை.

அதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டுவது மத்தேயு 6:33. அதை 25-ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்ற கவலையைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் கவலையை விட்டுவிட்டு எதைத் தேடுவது என்பதற்குத்தான் அங்கே ‘முதலாவது’ வருகிறது. நேர அட்டவணையில் எதை மேலே போடுவது என்பது அங்கே கேள்வியே இல்லை. தேடச் சொன்னதும் ராஜ்யத்தை மட்டுமல்ல, ‘அவருடைய நீதியையும்’. நீதியை ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் மட்டும் தேடி முடித்துவிட முடியாது. உங்களைப் பொறுத்தவரை ஐ.சி.யூ.விலும் அடுக்களையிலும்தான் அதைப் பெரும்பாலும் தேடியாக வேண்டும்.

வரிசை போடுவதில் உள்ள கோளாறு இதுதான். தேவனை முதல் வரியில் எழுதியதும், இரண்டாவது வரியிலிருந்து அவருக்கு வேலை இல்லை என்றாகிவிடுகிறது. பிறகு முதல் வரியை எதைக் கொண்டு நிரப்புவது? சபைக் காரியங்களைக் கொண்டு. அப்படித்தான் கமிட்டிக் கூட்டம் ‘தேவன்’ ஆகிறது, மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது ‘குடும்பம்’ என்று ஒரு படி கீழே போகிறது. இயேசு இதைப் பெயர் சொல்லிக் கண்டித்திருக்கிறார். மாற்கு 7-இல், தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். முதலில் தேவன், இரண்டாவது குடும்பம் என்ற வரிசையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் அவர்கள்! வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் 1 தீமோத்தேயு 5:8-இல் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி உங்கள் வாரத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆறு டியூட்டிக்கு 48. வீட்டிலிருந்து வார்டு வரை, நடை, லோக்கல் எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் 18. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் 49. சமையல், துவைப்பு, பிள்ளைகளைக் கிளப்புவது என்று நாளுக்கு மூன்றரை மணி போட்டால் ஏறத்தாழ 25. மிச்சம் 28. அதில் சபைக்குப் பதினான்கு, சரிபாதி. மீதியில் நாளுக்கு இரண்டு மணி நேரம். கணவரோடு பேசுவது, பிள்ளைகளின் ஹோம்வொர்க், ஊருக்கு ஃபோன், வேத வாசிப்பு, சும்மா உட்காருவது எல்லாம் அதற்குள். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் அரை மணி தள்ளிப்போனால் அதிலிருந்துதான் போகிறது. ஜனவரியில் நீங்கள் தவித்தது பக்திக் குறைவால் அல்ல, கணக்கு இடிப்பதால். எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று படுத்துக் கிடந்தபோது தூதன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

ஞாயிறு டியூட்டிக்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஓய்வுநாளில் தேவாலயத்தில் வேலை செய்யும் ஆசாரியர்கள் குற்றமற்றவர்கள் என்று மத்தேயு 12:5-இல் சொன்னவர், அதே அதிகாரத்தில் சூம்பின கையைக் குணமாக்கினார். ஆனால் ஓய்வுநாள் கட்டளையின் மறுபாதி உங்களையும் பிடிக்கும். உபாகமம் 5:14-15, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்கிறது. நைட் முடிந்து பகலில் தூங்குவது இளைப்பாறுதல் அல்ல, உடம்பு கடனை வசூலிப்பது. ஞாயிறு டியூட்டி விழும் வாரத்தில் உங்கள் ‘ஆஃப்’ நாள்தான் உங்கள் ஓய்வுநாள். அன்று பெண்கள் ஐக்கியத்தின் வீடு சந்திப்பு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து அந்த முப்பது வரி அட்டை. வரிகள் தவறில்லை, பெரும்பாலும் எபேசியரிலிருந்தும் ரோமரிலிருந்தும் எடுத்தவை. பயன்படுத்தும் விதம்தான் தவறு. எபேசியர் நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் முழுக்க நாம் யார் என்பதைத்தான் சொல்கின்றன. அந்த மூன்று அதிகாரங்களிலும் நமக்கென்று இருக்கும் ஒரே கட்டளை, இரண்டாம் அதிகாரத்தில் வரும் ‘நினைத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான். நினைப்பது வேறு, திரும்பத் திரும்பச் சொல்லித் தைரியம் ஏற்றிக்கொள்வது வேறு. ‘இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்’ என்ற சத்தம் ஞானஸ்நானத்தின்போது வானத்திலிருந்து வந்த சமயத்தில், மத்தேயுவின் கணக்குப்படி இயேசு ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே சோதனைக்காரன், ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்’ என்று இரண்டு முறை கிள்ளிப் பார்க்கிறான். ‘ஆம், நான் குமாரன்தான்’ என்று இயேசு அவனுக்கு ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை. உபாகமத்திலிருந்து மூன்று வசனங்களைச் சொன்னார். மூன்றும் மனுஷன் எப்படிக் கீழ்ப்படிய வேண்டும் என்பவை. யார் என்பது தீர்ந்துபோன விஷயம் என்பதால் அதை அங்கே நிரூபிக்க அவசியமில்லை.

இதை வார்டில் வைத்துப் பாருங்கள். இரவு எட்டு மணி ஹேண்ட்ஓவர். மதியம் 2 மணிக்குப் போக வேண்டிய ஆன்டிபயாட்டிக் டோஸ் போகவில்லை, மருந்து சார்ட்டில் அந்தக் கட்டம் காலி. உங்கள் ஷிஃப்டில் நடந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் கட்டம் நிரம்பிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த டோஸை எப்போது கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டியது அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துத்தான். ‘நல்ல நர்ஸ்’ என்ற பெயர்தான் உங்கள் அடையாளம் என்றால், கை தானாகப் பேனாவை எடுக்கும். அந்தப் பெயர் போனாலும் நீங்கள் போய்விடமாட்டீர்கள் என்று உள்ளூரத் தெரிந்தால், ‘கொடுக்கப்படவில்லை’ என்று எழுதி, டாக்டரிடம் சொல்லி, இன்சிடென்ட் ஃபார்மும் நிரப்ப முடியும். காலையில் சொன்ன முப்பது வரியில் எத்தனை உள்ளே இறங்கியிருக்கிறது என்பது தெரிகிற இடம் இதுதான்.

டாக்டர் சத்தத்துக்கும் இதே விடை. சத்தம் போட்டவர் சொன்னது சரியா, தவறா என்று கேட்கவே உங்களுக்கு அப்போது முடிவதில்லை. ‘நான் ஒன்றுமில்லையோ’ என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. அது ஏற்கெனவே தீர்ந்த கேள்வி. சரியென்றால் திருத்திக்கொள்ளுங்கள். தவறென்றால் வார்டுக்கு வெளியே அழைத்து, சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லுங்கள். அவமானம் இரண்டிலும் வலிக்கத்தான் செய்யும். ஒரு ஞாயிறு ஜெபத்தில் அது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்காக நர்ஸ் என்ற அடையாளத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். பிலிப்பியர் 3-இல் பவுல் தன் பிறப்பு, கோத்திரம், பரிசேயப் படிப்பு என்று ஏழு பெருமைகளைச் சொல்லி, எல்லாம் குப்பை என்கிறார். அதே பவுல் அப்போஸ்தலர் 22-இல் சாட்டையடிக்குக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையை நினைவுபடுத்தித் தப்பிக்கிறார். கூடாரத் தொழிலையும் விடவில்லை. அவற்றால் தேவன் முன் நீதிமான் ஆவதைத்தான் விட்டார்.

அந்த மாதிரி அட்டைகளில் நான் தேடிக் காணாத வரி ஒன்று உண்டு: கலாத்தியர் 3:28. யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதம் கிறிஸ்துவுக்குள் இல்லை என்பது. ‘நான் ராஜாவின் மகள்’ என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. இது செலவு வைக்கும். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளுக்குள் ஜாதி வேற்றுமையை விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்றைக்கும் மும்பைத் தமிழ்ச் சபையில் ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். வார்டில் தரை துடைக்கும் மௌஷியைச் சாப்பாட்டு நேரத்தில் உங்களோடு உட்கார வைக்கிறீர்களா, அவருடைய பெயர் தெரியுமா? உங்கள் அடையாளக் கேள்விக்கு இதுவும் சேர்த்தி.

நாளுக்கு ஒரு முறை செய்ய ஒன்று சொல்கிறேன். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் உள்ளது, 1548-இல் போப்பின் அங்கீகாரம் பெற்ற நூல். கத்தோலிக்கருடையது என்று தயங்க வேண்டாம், முழுக்க ஜெபம்தான். பத்து நிமிடம் போதும். திரும்பும் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே செய்யலாம். முதலில் அன்றைய நாளுக்காக நன்றி, பொதுவாக அல்ல, ‘நாலாம் பெட் தாத்தா இன்று ட்யூப் இல்லாமல் மூச்சுவிட்டார்’ என்கிற அளவுக்குக் குறிப்பாக. பிறகு தெளிவு கேட்பது. பிறகு காலையிலிருந்து மணி மணியாக நாளை ஓட்டிப் பார்ப்பது. எங்கே தவறினோமோ அங்கே மன்னிப்பு, கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு மாற்றம். நம் ஆட்கள் கெடுத்துக்கொள்வது இரண்டு இடத்தில். நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே பாவப் பட்டியலுக்குப் போவார்கள், நாலு நாளில் சோர்ந்து விடுவார்கள். அல்லது கடைசியில் ஐந்தாறு தீர்மானம் எடுப்பார்கள், ஒன்றும் நடக்காது. நைட் முடிந்த காலையில் இதைச் செய்யவே வேண்டாம், தூங்கி எழுந்து செய்யுங்கள்.

இன்-சார்ஜ் விஷயத்திலும் அதே நூல் உதவும். மனம் சோர்ந்திருக்கும் நாளில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அதில் ஒரு விதி. ஆகவே இந்த மாதம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தாளில் நாலு பகுதி: எடுத்தால் நன்மை, எடுத்தால் தீமை, எடுக்காவிட்டால் நன்மை, எடுக்காவிட்டால் தீமை. எழுதிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது பெயருக்காகவா, பயத்தாலா, அன்பினாலா என்று குறியுங்கள். அன்பு என்று குறித்தவற்றை மட்டும் தனியாக எடுத்து எடை போடுங்கள். பிறகு, முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் வந்து யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். இதுவும் அவர் சொன்ன வழிதான்.

என் கணிப்பு, எடுக்கலாம். டியூட்டி ரோஸ்டர் போடுவது இன்-சார்ஜ் கையில்தான். ஞாயிறு ஆஃபை எல்லாம் உங்களுக்கே ஒதுக்கிக்கொண்டால் அந்தப் பதவி உங்களைக் கெடுத்துவிடும். உங்கள் பெயரையும் சுழற்சியில் போட்டு, ஈத் அன்று முஸ்லிம் சிஸ்டருக்கு ஆஃப் கொடுத்து, புதுப் பெண்கள் தலையிலேயே நைட்டைக் கட்டாமல் இருந்தால், மத்தேயு 6:33 சொல்லும் ‘அவருடைய நீதி’ அந்த ரோஸ்டரில் இருக்கும். பல இடங்களில் இன்-சார்ஜுக்கு நைட் கிடையாது. உங்கள் இடத்தில் நைட் உண்டா, வீட்டுக்குப் போன பிறகு ஃபோன் வருமா, எத்தனை பெட்டுக்கு எத்தனை ஸ்டாஃப் என்பதை நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டாஃப் குறைவாக வைத்துக்கொண்டு பழியை உங்கள் மேல் போடும் ஏற்பாடு என்று தெரிந்தால் மறுத்துவிடுங்கள்.

சபையில் செயலாளர் பொறுப்பை விடுங்கள். நாளைக்கே அல்ல. மினிட்ஸ் புத்தகத்தையும் கணக்கையும் நேராக்கி, அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒப்படைத்து. ஓய்வுநாள் பள்ளியை விட வேண்டாம், இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு எடுங்கள். டியூட்டி ஞாயிறுகளுக்கும் அது ஒத்துவரும். பாடகர் குழுவை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். ஐயரிடம் காரணம் சொல்லும்போது ‘நேரமில்லை’ என்று சொல்லாதீர்கள், அவர் வருத்தப்பட்டு இரண்டு வசனம் சொல்வார். 168 மணிக் கணக்கு எழுதிய தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.