வாழைப்பழத்துக்குத் தடை, சிப்ஸுக்கு அனுமதியா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. நான்கு வயதிலிருந்தே மழைக்காலம் வந்தால் இழுப்பும் வந்துவிடுகிறது. மருத்துவர் சொன்னபடி ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்து இன்ஹேலர் கொடுக்கிறோம். சளி கட்டும் என்று என் மாமியார் வாழைப்பழம், ஆரஞ்சு, தயிர் எதையும் கொடுக்க விடுவதில்லை. ஆனால் பள்ளி விட்டு வந்ததும் சிப்ஸ் பாக்கெட்டும், வாரத்தில் மூன்று நான்கு நாள் கடை ஃபிரைடு ரைஸும் உண்டு. துரித உணவால் ஆஸ்துமா கூடும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வீட்டில் தடை தவறான பண்டங்களின்மேல் விழுந்திருக்கிறது. குழந்தைகளின் ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் பற்றிப் பல நாடுகளில் நடந்த ‘ஐசாக்’ ஆய்வின் உணவுப் பகுதி 2013-ல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியானது. 51 நாடுகளில் 13, 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 3,19,000 பேர், 31 நாடுகளில் 6, 7 வயதுக் குழந்தைகள் சுமார் 1,81,000 பேர் ஆகியோரின் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்ததில், வாரம் மூன்று முறை அல்லது அதற்கு மேல் துரித உணவு உண்டவர்களிடம் கடுமையான ஆஸ்துமாவுக்கான வாய்ப்பு பெரிய பிள்ளைகளில் 39 சதவீதமும் சிறியவர்களில் 27 சதவீதமும் கூடுதலாக இருந்தது. அதே அளவுக்குப் பழம் உண்டவர்களிடம் முறையே 11, 14 சதவீதம் குறைவாக இருந்தது. 39 சதவீதம் என்றால் நூறு பேரில் 39 பேருக்கு நோய் வரும் என்று பொருளல்ல. ஏற்கெனவே உள்ள வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது என்றே பொருள். தவிர, இது கேட்டறிந்து ஒப்பிட்ட ஆய்வுதான். துரித உணவே காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆயினும் பழத்தின் நார்ச்சத்தும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதும், உடல் பருமன் ஆஸ்துமாவின் வாய்ப்பைக் கூட்டும் என்பதும் சேர்ந்து அதே திசையையே காட்டுகின்றன.

வாழைப்பழமும் தயிரும் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பதற்குப் பொதுவான ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஓர் உணவைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் ஒவ்வொரு முறையும் தடிப்போ வாந்தியோ இழுப்போ வந்தால் மட்டும் அதை ஒவ்வாமை என்று சந்தேகித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியார் சந்தேகப்பட வேண்டிய பொருள் வேறு அலமாரியில் இருக்கக்கூடும்: ஸ்குவாஷ் பாட்டிலைத் திருப்பி, லேபிளில் பதனப்பொருள் 220 முதல் 224 வரை ஏதேனும் எண் உள்ளதா என்று பாருங்கள். அவை சல்ஃபைட் வகைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அவை இழுப்பைத் தூண்டும். நிறம் மாறாமல் பளபளக்கும் உலர்பழங்களிலும் இவை இருக்கலாம். உணவை மாற்றிவிட்டோம் என்று இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்கென்று விரால் மீன் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கச் செய்கிறார்களே, பேத்தியை அழைத்துப் போகலாமா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். அந்த மருந்து ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்று முறையான சோதனை எதுவும் நிரூபித்ததில்லை. உயிருள்ள மீன் குஞ்சை விழுங்கும்போது குழந்தைக்குப் புரையேறும் அபாயமும் உண்டு. மீனுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியிட்ட சோதனையில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தினமும் மீன் எண்ணெய் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் 16.9 சதவீதத்தினருக்கும், மற்றவர்களின் குழந்தைகளில் 23.7 சதவீதத்தினருக்கும் தொடர் இழுப்போ ஆஸ்துமாவோ வந்தது. அது பிறப்பதற்கு முந்தைய கதை. உங்கள் பேத்திக்கு மீன் ஒவ்வாமை இல்லையென்றால், குழம்பில் போட்ட மீனை முள் எடுத்துக் கொடுங்கள்.