‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்கிறார் டாக்டர்

கேள்வி: எனக்கு 24 வயது. மாதவிடாய் வந்தால் முதல் இரண்டு நாள் நிமிர்ந்து நிற்க முடியாது. பொன்ஸ்தான் வலி மாத்திரை போட்டும் கேட்பதில்லை. போன மாதம் வேலைக்குப் போகும் வழியில் மஸ்ஜித் ஜாமிக் எல்ஆர்டி நிலையத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. “மன அழுத்தம்தான், கல்யாணமானால் சரியாகிவிடும்” என்று எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்தார் டாக்டர். அம்மாவும் அதையே சொல்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா, அக்கா?
– வாசகி, செந்தூல்

பதில்: இல்லை, தங்கச்சி. மாத்திரைக்கும் அடங்காமல் ஆளை மயங்க வைக்கிற வலிக்குக் காரணம் தேடியே ஆகவேண்டும்.

உன் டாக்டர் சொன்னது ரொம்பப் பழைய பேச்சு. கருப்பை உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைவதால்தான் பெண்ணுக்கு நோய் வருகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன வைத்தியமும் கல்யாணம், பிள்ளைப்பேறுதான்! பிறகு வந்தவர்கள் நரம்பு என்றார்கள், மனசு என்றார்கள். புது மருந்துகளைப் பெண்களிடம் சோதித்துப் பார்த்ததும் குறைவு. கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது என்று பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆக அதே அமைப்பு குறைத்தது 2013இல்தான். அதுவரை எத்தனை பெண்கள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு கார் ஓட்டினார்களோ!

சரி, உன் விஷயம். இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது அது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னச் சின்னப் படிவுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகும். அதனால் ஸ்கேன் நன்றாக இருப்பதை வைத்து நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமும் இதற்கு மருந்தில்லை. ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் துளை வழி அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

வலி வரும் நாள், வாந்தி, மயக்கம், போட்ட மாத்திரை, எடுத்த எம்சி எல்லாவற்றையும் போனில் குறித்து வை. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) அதைக் காட்டி, பெண்நோய் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேள். “எண்டோமெட்ரியோசிஸா என்று பாருங்கள்” என்று வாய்விட்டே சொல். நடுவில் திடீரென்று தாங்க முடியாத வலியோ காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடு.

கல்யாணமாகாத பெண்ணைப் பெண்நோய் நிபுணரிடம் அழைத்துப்போக அம்மா தயங்கலாம். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, வயிற்றின் மேல் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ கேட்கலாம் என்று அவரிடம் எடுத்துச் சொல். முடிந்தால் அம்மாவையே கூட்டிப் போ. நீ சுருண்டு கிடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர், டாக்டரிடம் அதை அவர் வாயாலேயே சொல்லட்டும்.