வண்டி கேள்வி பதில்: துணிக்கூரை காரும் மார்கழிப் பனியும்

ஏனுங்க, போன ஆடி மாசம் கொச்சியில் ஒரு செகண்ட் ஹேண்ட் சாஃப்ட் டாப் கார் எடுத்தேன், 2017 மாடல் மினி கன்வெர்டிபிள், பட்டனை அமுக்கினால் துணிக்கூரை மடிந்து திறக்கிற வண்டி. ஆடியில் வண்டி எடுக்காதே என்று சொல்லிப் பார்த்த எங்க அப்புச்சி, இப்போது "கூரை இல்லாத வண்டிக்கா இத்தனை லட்சம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யூடியூபில் பார்த்தால், குளிர்காலம் வந்ததும் எல்லோரும் இந்த மாதிரி வண்டியைப் போர்த்தி மூடிவிட்டு மார்ச்சில்தான் வெளியே எடுக்கிறார்கள். நானும் கார்த்திகையில் இருந்து தை முடிய தோட்டத்துச் சாளையில் மூடி வைத்துவிடட்டுங்களா?
வாசகர், பொள்ளாச்சி

வேண்டவே வேண்டாம்ங்க. அந்த வீடியோக்காரர்கள் ஊரில் பனி என்றால் உறைபனி. ரோட்டில் உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடியில் அடித்து இரும்பைத் தின்னும், அதனால் ஷெட்டில் மூடி வைக்கிறார்கள். பொள்ளாச்சியில் ரோட்டில் யார் உப்புக் கொட்டுகிறார்கள்? நமக்கு விடியக்காலையில் 18, 19 டிகிரி வந்தாலே குரங்குக் குல்லா வெளியே வந்துவிடும், அந்தக் குளிரெல்லாம் காரின் துணிக்கு ஒன்றுமே இல்லை. நம் ஊரில் இந்த வண்டிக்கு எமன் பங்குனி சித்திரை வெயில்தான். மூடி வைக்கிறதென்றால் அப்போது மூடுங்கள். மார்கழி, தை, மாசி மூன்று மாசம்தான் கூரையைத் திறந்துவிட்டு மண்டை காயாமல் போகமுடியும், அதையும் சாளையில் பூட்டினால் அப்புச்சி சொன்னது சரி என்றாகிவிடும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்சம் கவனம் வேண்டும். மழையில் நனைவதால் கூரை கெடாது, நனைவதற்காகவே செய்த துணி அது. ஈரத்தோடு மடித்து உள்ளே தள்ளி, அப்படியே நாலு நாள் விட்டால்தான் பூஞ்சை பிடிக்கும், கருப்புப் புள்ளி விழும், வண்டிக்குள் ஏறினால் காயாத துணி மூட்டையைப் பிரித்த மாதிரி நாற்றம் வரும், அந்த நாற்றம் எந்த செண்ட் பாட்டிலுக்கும் போகாது. வழியில் மழையில் நனைந்த கூரையை அவசரத்தில் ஈரத்தோடு மடிக்க வேண்டி வந்தால், வீடு வந்ததும் மறுபடி கூரையை ஏற்றிவிட்டு நிழலில் காய விடுங்கள். நிறுத்தி வைக்கும்போது எப்போதுமே கூரை ஏற்றிய நிலையில்தான் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மடித்தே கிடந்தால் மடிப்பு விழுந்து துணி சுருங்கி, அப்புறம் கொக்கியில் மாட்டவே இழுக்க வேண்டியிருக்கும்.

மார்கழியில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மாசாணியம்மன் கோயிலுக்குக் கிளம்புகிற குஷியில், ராத்திரி கொட்டிய பனி கூரை மேல் சொட்டச் சொட்ட நிற்கும்போதே பட்டனை அமுக்கிவிடுவார்கள். அதுவும் ஈரத்தோடு மடித்த கணக்குத்தான். ஒரு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஆனைமலை வரை மூடியே போங்கள். சாமி கும்பிட்டு வருவதற்குள் இளவெயிலில் காய்ந்திருக்கும், திரும்பும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் வண்டியில் கூரை சுமார் 18 விநாடியில் திறக்கும், 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் திறக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுத் திறங்கள். அந்த மோட்டார் பேட்டரியை நன்றாக உறிஞ்சும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிடுங்கள், பேட்டரியும் பிழைக்கும்.

கழுவுகிற கதைக்கு வருகிறேன், இதில் நான் பட்டவன். பல வருஷம் முன்னால் என்னிடம் ஒரு சாஃப்ட் டாப் ஜீப் இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் துணி துவைக்கிற சோப்புத் தூளும் தரை தேய்க்கிற பிரஷும் எடுத்துப் படுதாவைப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் தையல் தையலாக ஒழுகி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் பல்லடம் வரை துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார், இன்றைக்கும் விருந்துக்குப் போனால் அந்தப் பேச்சு வராமல் இலை எடுப்பதில்லை. ஆகவே மென்மையான பிரஷ், கார் ஷாம்பு, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் பிரஷர் கன்னைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டுவராதே என்று நின்று சொல்லுங்கள். டயர் பாலிஷ், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது. நன்றாகக் காய்ந்த பின், துணிக்கூரைக்கென்றே விற்கிற வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடியுங்கள். அடிக்கும் நேரம் வந்ததா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் போதும்: சேம்பு இலையில் உருள்கிற மாதிரி உருண்டு ஓடினால் இன்னும் தெம்பு இருக்கிறது, பரவிக் கருத்தால் அடித்துவிடுங்கள்.

தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று பொள்ளாச்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தகரக் கூரை கார் என்றால் கீறலோடு போகும், துணிக்கூரையில் மயில் வந்து இறங்கினால் நகம் உள்ளே வரை பாயும். சாளையில் நிறுத்துங்கள், ஆனால் பிளாஸ்டிக் படுதாவால் போர்த்த வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். காற்றுப் போகிற துணி உறை போதும். எலிக்கு ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கன்வெர்டிபிளில் மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் நிற்கிறது. மெக்கானிக் டாப்பையே மாற்றணும் என்கிறார், அவர் சொல்கிற விலைக்கு ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கலாம். பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சான் "துணிதானே, நான் தைத்துத் தருகிறேன்" என்கிறார்.
வாசகர், திருப்பூர்

மச்சானுக்கு நல்ல மனசு, ஆனால் இது பனியன் துணி இல்லைங்க. வெளியே நெய்த துணி, நடுவே ரப்பர், உள்ளே ஒரு துணி என்று மூன்று அடுக்கு ஒட்டிய சமாச்சாரம். அதை விடுங்கள், தண்ணீர் கூரை வழியாகத்தான் வருகிறது என்று யார் சொன்னது? கூரையில் விழும் தண்ணீர் ஓரத்தில் இறங்கி, சின்னக் குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். நீங்கள் வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற ஆளாக இருந்தால் அந்தக் குழாய் முழுக்க இலையும் பூவும்தான் இருக்கும். அந்தக் குழாயின் வாயில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் வளைகிற பிளாஸ்டிக் வயரை விட்டு மெல்லக் குத்துங்கள். இரும்புக் கம்பியும், பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றால் வேலை இரண்டாகும்.

அப்படியும் ஒழுகினால், கண்ணாடி வந்து உட்கார்கிற ரப்பர் பீடிங்கில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் திறங்கள். கண்ணாடியில் சுண்ணாம்புக் கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அதுதான் ஓட்டை. இன்னொன்று, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள ஸ்பாஞ்சைக் காய வையுங்கள், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் குளமே நிற்கும். சில வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன, கூரையை மடக்குகிற மோட்டாரே தண்ணீர் வடிகிற பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற மாடலும் உண்டு. டாப் மாற்றுவதெல்லாம் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

பழைய ஜிப்ஸி, பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகி ஒன்றுமே தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், கோபி

வெறும் மங்கல் என்றால் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுப் பாருங்கள், ஓரளவு தெளியும். மஞ்சளோ வெடிப்போ என்றால் ரெக்சின் கடையில் புது ஷீட் வைத்துத் தைத்துவிடுவார்கள். குளிர்ந்த காலையில் அதைச் சுருட்டாதீர்கள், விறைத்திருக்கும், மடித்த இடத்தில் கோடு விழுந்து அந்தக் கோட்டிலேயே பிளக்கும். தூசியை உலர்ந்த துணியால் துடைக்காமல் தண்ணீர் விட்டே துடையுங்கள்.

டிசம்பரில் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு டாப்பைத் திறந்துவிட்டே போகலாம் என்று ஆசை. வீட்டம்மா சளி பிடிக்கும் என்கிறார்.
வாசகர், அவிநாசி

பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைக் காலுக்கு வைத்துவிட்டால் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குளிராது, அம்மணிக்கு ஒரு கம்பளிக் குல்லா மட்டும் வாங்கிக் கொடுங்கள். பர்லியார் பக்கம் வந்ததும் மட்டும் மூடிவிடுங்கள். அங்கே குரங்குகள் கண்ணாடி ஏற்றிய காரிலேயே கை விடப் பார்க்கும், கூரை இல்லாத காரில் முறுக்குப் பொட்டலத்தோடு போனால் கேட்கவே வேண்டாம். ஊட்டியில் ராத்திரி தங்கினால், காலையில் கூரை மேல் வெள்ளையாக உறைபனி இருந்தால் வெயில் ஏறிக் காய்கிற வரை பட்டனைத் தொடாதீர்கள். ஊட்டிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா?